ஒரு ஈ மாற்றிய ஆப்பிரிக்க வரைபடம்: செட்ஸி ஈ பற்றி ஒரு எளிய விளக்கம்

ஆப்பிரிக்க சஃபாரி வீடியோக்களை ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி, ஒரு வீடுகூட இருக்காது. 'மனிதக் கால் படாத காடு' என்றுதான் தோன்றும். ஆனால் பல இடங்களில் அந்த வெறுமைக்கு ஒரு ஈயும் காரணம்.

அது என்ன ஈ?

சஹாராவுக்குத் தெற்கே சுமார் 1 கோடி சதுர கி.மீ. பரப்பில் செட்ஸி ஈ வாழ்கிறது. இந்தியாவைப் போல மூன்று மடங்கு! கடிக்கும்போது டிரிபனோசோம் என்ற ஒட்டுண்ணியைக் கடத்தும். மனிதர்களுக்குத் தூக்க நோய் வரும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் மரணம்தான். மாடுகளுக்கு வருவது 'நகானா'. காட்டெருமைக்கும் மான்களுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

மனிதர்கள் ஏன் விலகினார்கள்?

மாடு இல்லையென்றால் ஏர் இல்லை, எரு இல்லை, வண்டி இல்லை. ஈ வாழ ஏற்ற தட்பவெப்பம் உள்ள பகுதிகளில் முற்காலத்தில் மக்கள்தொகை அடர்த்தி குறைவாக இருந்தது என்று பொருளாதார நிபுணர் மார்செல்லா ஆல்சனின் 2015 ஆய்வு காட்டியது.

1890-களில் வெக்கை நோய் கிழக்கு ஆப்பிரிக்க மாடுகளில் பெரும்பகுதியை அழித்தது. மேய்ச்சல் நின்றதும் புதர் மண்டியது, கூடவே ஈயும் பரவியது. 1900-க்குப் பிறகு உகாண்டாவின் விக்டோரியா ஏரிப் பகுதியில் தூக்க நோய் சுமார் 2.5 லட்சம் பேரைக் கொன்றது. பிரிட்டிஷ் அரசு கரையோர மக்களை வெளியேற்றியது. இப்படி ஆள் இல்லாமல் போன நிலங்களில் சில பின்னாளில் காப்பகங்கள் ஆயின.

அப்போ, ஈ காட்டுயிர்களின் நண்பனா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. இன்றைய ஜிம்பாப்வேயில், ஈக்கு ரத்தம் கிடைக்கக் கூடாது என்று காலனி அரசு லட்சக்கணக்கான காட்டு விலங்குகளைச் சுட்டுத் தள்ளியது.

இப்போது நிலைமை?

2018 முதல் ஆண்டுக்குப் பதிவாகும் தூக்க நோயாளிகள் 1,000-க்கும் குறைவு. மருந்து தோய்த்த நீலத் துணிப் பொறிகள் ஈயை ஈர்த்துக் கொல்கின்றன. சான்சிபாரின் உங்குஜா தீவில் மலட்டு ஆண் ஈக்களைப் பறக்கவிட்டு 1990-களில் இனத்தையே ஒழித்தார்கள்.

நல்ல செய்திதான். ஆனால் ஈ போனால் மாடு வரும், பின்னாலேயே வயலும் வேலியும் வரும். அதற்காக மேய்ப்பரின் மாடு சாகட்டும் என்று விட முடியுமா? முடியாது. இதுவரை சம்பளமில்லாமல் காட்டைக் காத்த காவலாளி அந்த ஈ. அது போவதற்குள், எந்த நிலம் யாருக்கு என்பதை அங்குள்ள மக்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்தாக வேண்டும்.