கடைக்கு வெளியே ஒரு சேமிப்பு

அரசு ஊழியருக்கு ஓய்வு பெறும் வயது உண்டு. வணிகர்களாகிய நமக்கு அது இல்லை. "கடைதான் நமக்குப் பென்ஷன்" என்று சொல்லிக்கொள்கிறோம். இது எவ்வளவு தூரம் சரி?

கடையில் நாம் போட்ட முதல், சரக்காகவும் வெளிப்பாக்கியாகவும் நிற்கிறது. கடையை மூடும் நாளில் சரக்கு அடிமாட்டு விலைக்குத்தான் போகும். கடை திறந்திருக்கும் வரைதான் பாக்கியும் வசூலாகும். மேலும், தனி உரிமையாளர் கடையின் கடனுக்கு அவரது வீடும் பொறுப்பு.

ஆகவே, கடைக்கு எட்டாத இடத்தில் ஒரு தொகை இருக்க வேண்டும். அதற்கு ஏற்றது, 1968-ல் வந்த பி.பி.எப். எனும் பொது வருங்கால வைப்பு நிதி. தபால் அலுவலகத்திலும் வங்கியிலும் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய். அதிகபட்சம் 1,50,000 ரூபாய். முதிர்வு 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கலாம். வட்டிக்கு வருமான வரி இல்லை. வியாபாரக் கடனுக்காக நீதிமன்றம் இதை ஜப்தி செய்ய இயலாது. மாதம் 5-ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அம்மாத வட்டி சேரும்.

கடை வாடகையைப் போல இதையும் பேரேட்டில் மாதச் செலவாக எழுதுவோம். மாதம் 2,000 ரூபாய் கட்டினால் 15 ஆண்டில் அசல் மட்டும் 3,60,000 ரூபாய். 45 வயதில் தொடங்கினால் 60-ல் கைக்கு வரும். அதை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும்.

சீசன் கொள்முதலுக்குப் பணம் போதாதபோது இந்த மாதத் தொகையில்தான் முதலில் கை வைக்கத் தோன்றும். அப்போது கொள்முதலைக் குறைப்போம். இதைக் குறைக்க வேண்டாம்.