மின் டில்லரும் மண்ணின் பதமும்

மழைத்துளியின் அடியும் மனிதரின் மிதியும் தொடர்ந்து விழ, மட்கும் குறைந்துபோகும் நிலையில், மண்துகள்களுக்கிடையே காற்றும் நீரும் தங்கவேண்டிய நுண்துளைகள் நசுங்கித் தோட்டமண் இறுகிவிடுகிறது. அத்தகைய மண்ணில் ஊற்றிய நீர் உள்ளிறங்காமல் மேலேயே ஓடுகிறது. வேரும் ஆழம் செல்லமாட்டாது. மண்வெட்டியால் கொத்திச் சரிசெய்யப்பட்டுவந்த இக்குறைக்கு வீட்டுத் தோட்டக்காரர் சிலர் இப்போது மின்சார டில்லரை நாடுகின்றனர்.

கிடைமட்ட அச்சொன்றில் பொருத்திய வளைந்த கத்திகளை மோட்டாரால் சுழற்றி மண்ணை வெட்டிக் கிளறும் கருவியே டில்லர். ஆஸ்திரேலியாவின் கில்காண்ட்ராவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவார்ட் 1912இல் தம் தந்தையின் பண்ணையில் இருந்த நீராவி எந்திரத்தைக் கொண்டு இம்முறையைச் சோதித்தபோது, கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரியிறைத்தன. சிறிய உருளையில் இடைவெளிவிட்டு 'எல்' வடிவக் கத்திகளைப் பொருத்திய பின்னரே அக்குறை நீங்கியது. வயலில் ஓடும் ரோட்டவேட்டரும் தோட்டத்து டில்லரும் இம்மரபில் வந்தவையே.

வீட்டுக்கான மின் டில்லர்களில் பல 1000 முதல் 1500 வாட் வரை திறன் கொண்டவை. பதமான மண்ணில் ஏறத்தாழ 20 செ.மீ. ஆழம்வரை கிளறக்கூடியவை. எடை குறைவு என்பது தூக்கிச்செல்ல வசதியாயினும், காய்ந்து பாறையாகிவிட்ட நிலத்தில் அதுவே குறையாகி, கத்தி இறங்காமல் கருவி துள்ளத் தொடங்குகிறது. ஆகவே முதலில் நிலத்தை நனைத்து, ஓரிரு நாள் ஆறவிட்டு, ஒருபிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்க்கவேண்டும்: பிடித்த உருண்டை விரல் பட்டதும் உதிருமானால் பதம் சரி, களிபோல் ஒட்டுமானால் காத்திருப்பதே நல்லது, ஏனெனில் ஈரக் களிமண்ணைக் கிளறினால் அது உலர்ந்தபின் செங்கல்லாகக் கெட்டிப்படும்.

விளம்பரங்கள் பேசாத பெருஞ்சிக்கல் கோரை. மண்ணுக்கடியில் சங்கிலியாகத் தொடர்ந்திருக்கும் அதன் கிழங்குகளுள் நுனியில் இருப்பவை முளைத்து வளர்கையில் மற்றவை பெரும்பாலும் உறங்கிக்கிடக்கின்றன. கத்தி அச்சங்கிலியைத் துண்டித்ததும் ஒவ்வொரு கிழங்கும் தனித்து முளைக்கும் நிலையை அடைகிறது. அருகம்புல்லும் கணுவுள்ள துண்டு ஒவ்வொன்றிலிருந்தும் தழைக்கக்கூடியது. இவ்விரண்டும் மண்டிய இடத்தில் கிழங்கோடும் வேரோடும் கையால் தோண்டியெடுக்கும் முன் டில்லரை இறக்குவது களையை விதைப்பதற்கு ஒப்பாகும்.

அடிக்கடி கிளறுவதும் தகாது. மண்ணின் இயற்கையான திரளைகள் உடைந்து, கரிமப்பொருள் விரைவில் சிதைந்து, மண்புழுக்களும் குறைகின்றன. கத்தி எட்டும் ஆழத்திற்குக் கீழே நாளடைவில் கடினமான படலம் ஒன்றும் உருவாகலாம். புதுப்பாத்தி அமைக்கையில் தொழுவுரத்தைக் கலப்பதற்காக ஒருமுறை பயன்படுத்திவிட்டு, பின்னர் இலைதழை மூடாக்கினால் மண்ணைக் காப்பதே இக்கருவிக்கு ஏற்ற அளவு எனலாம்.

கம்பிவழி இயங்கும் டில்லரில் 1500 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பதால், மெல்லிய நீட்டிப்புக் கம்பி சூடேறும்; தடித்த கம்பியும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புச் சாதனமும் தேவை. பிளக் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி விலகிச் செல்லும்படி வேலையை அமைத்துக்கொண்டால் கம்பி கத்தியில் சிக்காது. கத்தியில் சுற்றிய புல்லை நீக்குமுன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.