அமைதியான மகளும் அன்னையின் ஐயமும்

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. பிறருக்குத் தொல்லை தராத பிள்ளை. ஆயினும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. வேண்டியதை விரலாற் சுட்டுவதில்லை. போத்தல் மூடிகளை நிரையாக அடுக்குவதிலேயே பொழுது கழிகிறது. “பெண்பிள்ளை, கூச்சமுடையவள், வளரச் சரியாகும்” என்கின்றனர் சுற்றத்தார். தாயின் நெஞ்சோ ஆறவில்லை. சோதனைக்குக் கொண்டு செல்வதா, பொறுத்திருப்பதா?

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் ஓட்டிசம் பற்றி விவரித்தபோது, அவர் கண்ட 11 பிள்ளைகளில் 3 பேரே பெண்கள். சிறுமியர் பலர் பிறரைப் பார்த்து அவ்வாறே நடக்கப் பழகுவதால், அவர்களிடம் அடையாளங்கள் மறைந்துவிடுவதுண்டு என்பதை அறிஞர் பின்னரே உணர்ந்தனர்.

இச்சோதனைக்கு ஊசியும் இரத்தமும் வேண்டியதில்லை. செவிப்புலன் சோதிக்கப்படும்; பிள்ளை விளையாடும் விதமும் பேசும் விதமும் கவனிக்கப்படும்; தாயிடம் வினாக்கள் கேட்கப்படும். செவிக்குறையே காரணமாயின் அது வெளிப்படும். ஓட்டிசமாயின் பேச்சுப் பயிற்சியைக் காலத்தோடு தொடங்கலாம்.

ஊரார் சொல்லுக்குத் தாய் அஞ்சுவது இயல்பே. ஆனால், அவ்வச்சத்தாற் கழியும் மாதங்கள் பிள்ளைக்கே இழப்பாகும். சுகாதாரப் பதிவேட்டுடன் சிகிச்சை நிலையத்துக்குச் சென்று, கண்டவற்றைக் கண்டவாறே கூறுவது தாய் செய்யத்தக்க முதற்செயலாகும்.