கையெழுத்தும் கடமையும்

கட்டட நிர்வாகம் பயிலும் மாணவர்களுக்குத் தொழிலறம் கற்பிக்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இராது. அதை எங்ஙனம் கற்பிப்பது என்பதே கேள்வி. லஞ்சம் வாங்காதே, பொய் சொல்லாதே என்று உபதேசித்தால் போதாது என்பது என் எண்ணம். ஏனெனில் பெருந்தவறுகள் பல, வேலையை எளிதாக்கும் சிறு மாற்றமாகவே வந்து நிற்கின்றன.

அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி நகரத்து ஹயாத் ரீஜன்சி ஓட்டலில், நான்காம் மாடி நடைபாலமும் அதற்கு நேர் கீழே இரண்டாம் மாடி நடைபாலமும் கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கின. முதல் வரைபடத்தின்படி ஒரே நீண்ட கம்பி இரண்டையும் தாங்க வேண்டும். அதற்கு நெடுநீளம் மரை வெட்ட வேண்டியிருந்தது. அத்தொல்லையைத் தவிர்க்க இரு கம்பிகளாக்கி, கீழ்ப்பாலத்தை மேல்பாலத்திலிருந்தே தொங்கவிட்டனர்.

ஒரு கயிற்றில் இருவர் தொங்குவதாகக் கொள்வோம். இருவரும் கயிற்றைப் பற்றினால் அவரவர் எடை அவரவர் கைக்கு. கீழுள்ளவர் கயிற்றை விட்டு மேலுள்ளவரின் காலைப் பற்றினாலோ, மேலுள்ளவரின் கைக்கு இருவர் எடை! அவ்வாறே மேல்பாலத்து உத்தரத்தின் அடியிலிருந்த நட்டுகளின் மீது இருமடங்குச் சுமை ஏறியது. முதல் அமைப்பே நகர விதி கோரிய வலிமையில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் உடையது என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். அந்த இணைப்பைக் கணக்கிட்டுப் பாராமலே வரைபடத்தில் ஒப்புதல் முத்திரை விழுந்திருந்தது. 1981 ஜூலை 17-ஆம் நாள் பாலங்கள் வீழ்ந்து 114 பேர் மாண்டனர். பொறியாளர் இருவர் மிசௌரி மாநிலத் தொழில் உரிமத்தை இழந்தனர்.

இதனை வகுப்பில் முடிவிலிருந்து தொடங்கிச் சொல்லலாகாது. இரு வரைபடங்களையும் மாணவர் கையில் தந்து, "ஒப்பமிடுவீரா?" என்று முதலில் கேட்க வேண்டும், பிறகு சுமையைக் கணக்கிடச் செய்ய வேண்டும்.

நம் நாட்டுக் கட்டட வேலையிலும் இத்தகைய வினாக்கள் உண்டு. காங்கிரீட் கெட்டிப்படுகிறது, மேஸ்திரி இன்னும் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். தண்ணீர் மிகுந்தால் வலிமை குன்றும். ஆனால் சோதனைக்கான 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகளைத் தண்ணீர் ஊற்றுமுன்பே வார்த்துவிட்டால், 28-ஆம் நாள் சோதனையில் அவை தேறிவிடும். தாளில் எழுதிய எண் மெய்யே. தூணைப் பற்றி அது சொல்வதோ பொய். அத்தாளில் கையெழுத்திடலாமா?

இதற்கு விடை கூற நல்ல மனம் மட்டும் போதாது. காங்கிரீட்டின் இயல்பும் தெரிய வேண்டும். ஆகவே அறத்தைத் தனி ஏட்டில் ஒதுக்காமல், சுமைக் கணக்கோடும் சோதனைச் சாலையோடும் சேர்த்தே கற்பித்தல் நலம்.