முண்டு மரத் தாம்பாளம்: ஈரம் பார்த்து வாங்குங்கள்

சரியாகக் காயாத வற்றலை எடை போட்டு வாங்கி, பதினைந்து நாளில் மூட்டை இளைத்துப் போனதைப் பார்த்த அனுபவம் மளிகை வியாபாரிகள் பலருக்கும் இருக்கும். மரச் சரக்கிலும் இதே கதைதான். ஆனால் வற்றல் எடையில் மட்டும் குறையும். மரம் எடையும் குறைந்து, கோணியும் போய், சமயத்தில் வெடித்தும் விடும்.

பண்டிகைக் காலத்தில் முந்திரி, பாதாம், பேரீச்சையை மரத் தட்டில் அடுக்கிப் பரிசாக விற்கும் கடைகள் உண்டு. அந்தத் தட்டுகளில் அதிக விலை சொல்லப்படுவது, ‘பர்ல்’ எனப்படும் முண்டு மரத்தில் கடைந்த தாம்பாளம். அந்த விலை எதற்காக, அதில் நாம் எங்கே ஏமாறக் கூடும் என்பதைத் தெரிந்துகொண்டு கொள்முதல் செய்வது நல்லது.

சில மரங்களின் அடியிலோ வேரிலோ கழலை போலப் புடைத்து நிற்கும் பகுதிதான் முண்டு. காயம், பூசணம், பூச்சி, தீ போன்றவற்றால் அந்த இடத்தில் வளர்ச்சி தடுமாறி, முளைக்காத மொட்டுகள் கூட்டமாக உள்ளேயே அடங்கிக் கிடக்கும். அறுத்துப் பார்த்தால் ஒவ்வொரு மொட்டும் ஒரு புள்ளியாக, கண்ணாகத் தெரியும். நார் நேராக ஓடாமல் சுழன்று சுழன்று போவதால், எந்தப் பக்கம் கடைந்தாலும் ஒரு கோலம் கிடைக்கிறது.

இந்தத் தொழிலுக்குப் பேர் போன ஊர், மொராக்கோ நாட்டின் அட்லாண்டிக் கரையிலுள்ள எஸ்ஸவீரா. அங்கே ‘தூயா’ என்று அழைக்கும் மரம், சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அடிமரமும் கிளையும் சாதாரண வரி ஓடிய மரம்தான், விலையும் மட்டு. மண்ணுக்குள் வேர்த்தூரில் உருளும் முண்டில்தான் கண் நிறைந்த உயர்ந்த ரகம் இருக்கிறது.

இந்த மோகம் புதிதல்ல. ரோமானியர் இதே மரத்தில் மேசை செய்து வைத்திருந்தார்கள். பேச்சாளர் சிசரோ ஒரு மேசைக்கு 5,00,000 செஸ்டர்ஸ் கொடுத்தார் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதி வைத்திருக்கிறார். அகஸ்டஸ் காலத்தில் ஒரு சாதாரணப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், அது 555 வருடச் சம்பளம்! நமக்கு ருசிகரமான செய்தி வேறொன்று. அந்த மரத்தை எப்படிக் காய வைத்தார்கள் என்பதையும் பிளினி சொல்கிறார். வெட்டிய இடத்தில் பச்சை மரத்துக்கு மெழுகு பூசி மண்ணில் புதைத்தார்களாம். பட்டறைக்கு வந்ததும் ஏழு நாள் தானியக் குவியலில் வைத்து, ஏழு நாள் வெளியே எடுத்து வைப்பார்களாம். அப்படிச் செய்தால் எடை வியக்கும்படி குறையும் என்கிறார். நன்றாகக் காய்ந்த தானியம் பக்கத்திலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதை மளிகைக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. (அந்தத் தானியத்தைப் பிறகு யார் தலையில் கட்டினார்களோ!)

இன்றைய கடைசல்காரர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். பச்சை முண்டை வட்டமாக அறுத்து, கடைசல் இயந்திரத்தின் தகட்டில் திருகாணியால் இறுக்குவார். ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் லேசாகவும் இருக்குமாதலால் முதலில் மெதுவாகத்தான் சுழல விட வேண்டும். இடுக்கிலுள்ள பட்டைத் துண்டு தெறித்து முகத்தில் அடிக்கும் என்பதால் முகக் கவசம் போட வேண்டும். நார் திசை மாறிக்கொண்டே இருப்பதால் உளி சற்று மழுங்கினாலும் மரம் பிய்ந்து வரும். அடிக்கடி தீட்டி, மெல்லிய சீவலாகவே எடுக்கிறார்கள்.

முதல் கடைசலில் தட்டை முடிப்பதில்லை. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் வைத்து நிறுத்துவார்கள். 12 அங்குலத் தட்டானால் சுமார் ஒன்றேகால் அங்குலம். பிறகு மெழுகு பூசி நிழலில் அடுக்கி, மாதக்கணக்கில் விடுவார்கள். அவ்வப்போது எடை போட்டுத் தட்டின் அடியிலேயே எழுதுவார்கள். எடை இறங்குவது நின்ற பிறகுதான் மறுபடி இயந்திரத்தில் ஏற்றி, கோணலை எடுத்து, மெல்லிசாக்கி, உப்புத்தாள் போட்டு மெருகேற்றுவார்கள். விலையில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்புக்கும், காயும்போது வெடித்து வீணாகும் தட்டுகளுக்கும்தான். காத்திராமல் ஒரே மூச்சில் முடித்த தட்டும் சந்தையில் பளபளப்பாகவே வரும். அது கோணுவது நமது ஏ.சி. ஷோரூமில்.

ஆகவே வாங்கும்போது முதல் வேலை தராசு. மாதிரிக்கு இரண்டு தட்டு எடுத்து, எடையைக் குறித்து, ஒரு மாதம் கடையில் வைத்து மறுபடி நிறுங்கள். இறங்கியிருந்தால் பச்சைச் சரக்கு. அதன் பிறகு பெரிய ஆர்டர் கொடுப்பதா என்று யோசிக்கலாம். அடுத்து விளிம்பைப் பாருங்கள். மேலே உள்ள கோலம் விளிம்பிலும் அடியிலும் தொடர வேண்டும். மேலே மட்டும் இருந்தால் மெல்லிய தகடோ அச்சிட்ட காகிதமோ ஒட்டியது. கண்ணைச் சுற்றி மயிரிழைக் கீறல் இருப்பது இயல்பு. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த நீண்ட வெடிப்பு இயல்பல்ல.

சரக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. தூயா மரத்தை மேலே வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கும். முண்டுக்காக வேரோடு தோண்டினால் துளிர்க்க ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரெட்வுட் பூங்காக்களில் நிற்கிற மரத்திலிருந்தே முண்டை இரவில் அறுத்துத் திருடினார்கள். அதைத் தடுக்க 2014-ல் அங்கே ஒரு சாலையை இரவு நேரத்தில் மூட வேண்டி வந்தது. ரசீது காட்டத் தயங்குபவரிடம் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காமல் இருப்பதே நல்லது.

விற்கும்போது இரண்டு விஷயம் சொல்லி விற்க வேண்டும். தட்டை நீரில் ஊற வைக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். மெருகு மங்கினால் கடலை எண்ணெய் தடவ வேண்டாம், சில வாரத்தில் காறல் வாடை வந்துவிடும். நாமும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூயா மரத்துக்கு இயல்பாகவே நல்ல மணம் உண்டு, முந்திரியோ எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அடியில் பட்டர் பேப்பர் விரித்து அடுக்கினால் முந்திரி திரும்பி வராது.