மூன்று பதிவேடுகளில் ஒரே மாணவர்

விளையாட்டு, படிப்பு, சமூகத் தொண்டு மூன்றிலும் நிற்கும் கல்லூரி மாணவரை நாம் எப்படிக் கௌரவிக்கிறோம்? திருத்தணியிலிருந்து ஒரு பார்வை

கல்லூரி விளையாட்டு விழாவுக்குப் போனவர்களுக்கு அந்த மேடை தெரியும். வெள்ளைத் துணி விரித்த மேசை, அதன்மேல் அடுக்கிய கேடயங்கள், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. 100 மீட்டரில் முதலில் வந்தவருக்கு மெடல். ஆண்டு விழாவில், பல்கலைக்கழகத் தரவரிசையில் இடம்பிடித்தவருக்குப் பரிசு. ரத்த தான முகாமுக்கு ஓடியாடி உழைத்த நாட்டு நலப்பணித் திட்ட மாணவருக்கு ஒரு சான்றிதழ். இந்த மூன்றையும் வாங்குபவர்கள் பெரும்பாலும் மூன்று வேறு ஆட்கள். ஒருவரே மூன்றையும் செய்திருந்தால் மூன்று தடவை மேடையேறுவார்; மூன்றையும் சேர்த்துப் பார்த்து ஒரு பரிசு கொடுக்கும் வழக்கம் நம் கல்லூரிகளில் அரிது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு மரபு உண்டு. படிப்பிலும் ஆட்டத்திலும் சிறந்த கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'அகாடமிக் ஆல் அமெரிக்கா' பட்டியல் 1952-ல் தொடங்கியது. அங்குள்ள கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 1991 முதல் ஆண்டுதோறும் ஒரு வீராங்கனையைத் தேர்ந்தெடுத்து விருது தருகிறது. மைதானத்தில் என்ன சாதித்தார் என்பதோடு படிப்பு, தொண்டு, தலைமைப் பண்பு ஆகியவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள்.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. மூன்றையும் ஒரே அறிக்கைக்குள் எழுதியவர் திருத்தணிக்காரர்.

ஊருக்கு வெளியே திருத்தணியைத் தெரிந்தவர்கள் இரண்டு காரணங்களுக்காகத் தெரிந்திருப்பார்கள். ஒன்று முருகன் மலையும் அதன் 365 படிகளும். இன்னொன்று, 1888 செப்டம்பர் 5-ல் இங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். உதவித்தொகைகளின் துணையோடு திருப்பதி, வேலூர், சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்று படித்துப் போனவர் அவர். சுதந்திரம் வந்ததும் உயர்கல்வியைச் சீரமைக்க இந்திய அரசு 1948-ல் பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் ஒன்றை அமைத்தது. அதற்குத் தலைவராக இருந்தவர் ராதாகிருஷ்ணன். 1949-ல் அறிக்கை வந்தது. பாடத்திட்டம், தேர்வு முறை, ஆசிரியர் சம்பளம் எல்லாம் அலசிய அந்த அறிக்கை மாணவர் நலனுக்கும் இடம் ஒதுக்கியது. உடல்தகுதி இல்லாதவர்களும் தேசிய மாணவர் படையில் இருப்பவர்களும் தவிர, ஆண், பெண் எல்லா மாணவர்களுக்கும் இரண்டு ஆண்டு உடற்கல்வி வேண்டும் என்றது. சமூக சேவையில் மாணவர்கள் விருப்பத்தோடு ஈடுபட ஊக்கம் தரச் சொன்னது. செப்டம்பர் 5 வந்தால் ஆசிரியர்களை வாழ்த்துகிறோம். அறிக்கையின் இந்தப் பக்கங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

   

அறிக்கையில் ஒன்றாக இருந்த மூன்றும் நடைமுறையில் மூன்று பதிவேடுகளாகப் பிரிந்தன. ஒவ்வொன்றும் எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மேடையில் கொடுக்கும் கௌரவத்தின் கனம் புரியும்.

விளையாட்டுப் பதிவேட்டில்தான் விஷயம் அதிகம். திருத்தணியில் சுப்பிரமணிய சுவாமி பெயரைத் தாங்கிய அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே படிக்கும் ஒரு பெண் நன்றாக ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி விளையாட்டு விழாவில் ஜெயிப்பது அவருக்கு முதல் படி மட்டுமே. அடுத்தது பல்கலைக்கழகத்துக்கு உட்பட்ட கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த ஏ.எல். முதலியார் பெயரில் நடக்கும் தடகளப் போட்டி அப்படிப்பட்டது. போட்டி சென்னையில் என்றால், ஏறக்குறைய 85 கிலோமீட்டர் மின்சார ரயிலில் போய், ஓடி, அன்றிரவே திரும்ப வேண்டும். சென்னைக் கல்லூரிப் பிள்ளைகளோ விடுதியில் தூங்கி எழுந்து வந்திருப்பார்கள். கடிகாரம் இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

அங்கே முன்னணியில் வந்தால் பல்கலைக்கழக அணியில் இடம். பிறகு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் சார்பில் நடக்கும் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. கபடி போன்ற குழு ஆட்டம் என்றால் அதற்கு முன்பு தென் மண்டலத்தைத் தாண்ட வேண்டும். 2020-ல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் இதன் மேல் இன்னொரு படி. உச்சியில் இருப்பது உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள். 2023-ல் செங்டுவில் நடந்தபோது கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தனிநபர், குழு இரண்டிலும் தங்கம் வென்றார். 2025-ல் ஜெர்மனியில் நடந்தபோது தஞ்சைப் பக்கத்துப் பிரவீன் சித்ரவேல் மும்முறைத் தாண்டலில் வெள்ளி வென்றார்.

இந்த ஏணியில் எந்தப் படியில் உண்மையான கௌரவம் தொடங்குகிறது? பல்கலைக்கழகச் சட்டையைப் போடும் இடத்தில். மத்திய அரசுப் பணிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் சான்றிதழ்களுக்கு எண் உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1, மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுகளில் ஆடியவருக்குப் படிவம் 4. கல்லூரி மேடையில் வாங்கிய கேடயம் எத்தனை அடி உயரமாக இருந்தாலும் இந்தப் பட்டியலில் அதற்கு எண் கிடையாது. அரக்கோணம் பக்கம் போனால் தக்கோலத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. அந்தப் படை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறது. ரயில்வேயும் அப்படியே. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். திருத்தணிக்குப் பக்கத்துப் பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு தாள் குடும்பத்தின் போக்கையே திருப்பிவிடலாம். சால்வையால் அது ஆகாது.

பணமாகக் கிடைக்கும் கௌரவமும் உண்டு. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 2023 முதல் மாநில அளவில் தனிநபர் போட்டியில் முதலிடத்துக்கு 1 லட்சம், அடுத்து 75,000, மூன்றாமிடத்துக்கு 50,000 ரூபாய் என்று வழங்கிவருகிறார்கள். ஸ்பைக்ஸ் ஷூவுக்கும் முட்டைக்கும் வீட்டில் கேட்கத் தயங்கும் பிள்ளைக்கு இது சின்னத் தொகை அல்ல. பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு பரிசு இருக்கிறது: அபுல் கலாம் ஆசாத் பெயரில் 1956-57-ல் தொடங்கிய மாக்கா கோப்பை. எத்தனை பதக்கம், எந்தப் போட்டியில் என்று புள்ளி போட்டு ஒட்டுமொத்தமாக முன்னணியில் நிற்கும் பல்கலைக்கழகத்துக்குத் தருகிறார்கள். பதக்கம் வென்ற மாணவர் பட்டம் வாங்கினாரா என்று எந்தப் புள்ளியும் கேட்பதில்லை.

அங்கேதான் இரண்டாவது பதிவேடு வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். போட்டிக்குப் போகும் நாட்களுக்கு 'ஓ.டி.' (ஆன் டியூட்டி) போடுவார்கள். உடற்கல்வி இயக்குநர் கடிதம், துறைத் தலைவர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து என்று அது ஒரு தனி ஓட்டம். ஓ.டி. கிடைத்தால் வருகைப் பதிவு சரியாகிவிடும். நடந்த பாடம் திரும்பி வராது. இன்டர்னல் தேர்வு நாளில் மண்டலப் போட்டி விழுந்தால் அந்த மதிப்பெண்ணின் கதி ஆசிரியரின் மனசைப் பொறுத்தது. ஆய்வகம் உள்ள பாடமென்றால் சிக்கல் இன்னும் கூடுதல். மூன்றாம் ஆண்டில் கழுத்தில் நாலு மெடல், கையில் நாலு அரியர் என்று நிற்கும் மாணவர்களை எந்தக் கல்லூரி உடற்கல்வித் துறையும் பார்த்திருக்கும். பட்டம் கேட்கும் வேலைகளில், பட்டம் முடியாதவரின் படிவம் 3 பெட்டியில் தூங்க வேண்டியதுதான்.

கேரளம் பள்ளித் தேர்வுகளில் விளையாட்டு, கலை, நாட்டு நலப்பணிக்கெல்லாம் கருணை மதிப்பெண் கொடுக்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஓடியதற்கு வேதியியலில் மதிப்பெண் கொடுப்பது, வேதியியலையும் ஓட்டத்தையும் ஒருசேரக் குறைத்து மதிப்பிடுவது. தவறவிட்ட தேர்வை வேறொரு நாளில் எழுத விடுவதும், போட்டி முடிந்து வந்தவருக்கு ஒரு வாரம் மாலை வகுப்பு வைப்பதும் அதைவிடப் பெரிய மரியாதை. செலவும் குறைவு. பொன்னாடை வாங்கும் பணம்கூட ஆகாது.

மூன்றாவது பதிவேட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. ராதாகிருஷ்ணன் ஆணையம் 1949-ல் சொன்ன யோசனை, பல குழுக்களைக் கடந்து, காந்தி நூற்றாண்டான 1969-ல் செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டமாகப் பிறந்தது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். இதுதான் சான்றிதழுக்கான கணக்கு. சிறந்த தொண்டர்களுக்குத் தேசிய விருது 1993-94 முதல் இருக்கிறது. அதைக் குடியரசுத் தலைவர் கையால் வாங்குகிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறும் நாட்களில் தண்ணீர் கொடுப்பதும், வழி தவறிய குழந்தையைப் பெற்றோரிடம் சேர்ப்பதும் அந்த 240 மணி நேரத்துக்குள் அடங்கக்கூடிய வேலைகள்தான். ஆனால் விளையாட்டு வீரர் இதில் சேர்வது கடினம்: பயிற்சியும் முகாமும் ஒரே மாலையில், ஒரே விடுமுறையில் வந்து நிற்கும். வாரம் இரண்டு நாள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித்தரும் கல்லூரி வீரர் செய்வதும் தொண்டுதான். அதைத் திட்ட அலுவலரும் உடற்கல்வி இயக்குநரும் பேசிவைத்து மணிக்கணக்கில் சேர்த்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை.

மூன்றையும் ஒரே தராசில் வைப்பதில் ஆபத்தும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். உலகின் பழைய உதாரணம் ரோட்ஸ் உதவித்தொகை. தென் ஆப்பிரிக்காவில் வைரத்திலும் ஆதிக்கத்திலும் சம்பாதித்த சிசில் ரோட்ஸ் 1902-ல் இறந்தபோது, ஆக்ஸ்போர்டில் படிக்க வருபவர்களுக்கென்று உயில் எழுதி வைத்திருந்தார். படிப்பு, விளையாட்டு, பிறருக்கு இரங்கும் குணம், தலைமை என்று பிரித்து, பத்தில் இரண்டு பங்கை விளையாட்டுக்கு ஒதுக்கினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உயில் தேடியது ஆண்களை மட்டும். பெண்களுக்குக் கதவு திறந்தது 1977-ல். எந்த மைதானம், யாருடைய மைதானம் என்ற கேள்வியும் அதில் இல்லை. இப்போது அந்த விளையாட்டு நிபந்தனையைத் தளர்த்தி, திறமையை முழு ஊக்கத்தோடு பயன்படுத்துகிறாரா என்று பார்க்கிறார்கள். நம் கல்லூரிகள் இப்படி ஒரு விருது தொடங்கினால், மூன்று வேளை சாப்பாடும் விடுதியும் உள்ளவருக்கும், காலை ரயிலில் தொங்கிக்கொண்டு வருபவருக்கும் ஒரே அளவுகோலா என்பதை முதலிலேயே பேசியாக வேண்டும்.

நடக்காத காரியமா இது என்று கேட்பவர்களுக்கு, பக்கத்து ஊர்ப் பெண்கள் இருவர் இருக்கிறார்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் மகளிர் பாட்மின்டன் எஸ்.யு.5 பிரிவின் அரையிறுதியில் இரண்டு தமிழ்ப் பெண்கள் மோதினார்கள். காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் வென்று, இறுதியில் வெள்ளி வாங்கினார். தோற்ற மனிஷா ராமதாஸ், திருத்தணி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர், வெண்கலத்தோடு வந்தார். தமிழக அரசு துளசிமதிக்கு 2 கோடியும் மனிஷாவுக்கு 1 கோடியும் வழங்கியது. இருவருக்கும் அர்ஜுனா விருதும் கிடைத்தது. இதில் பலர் கவனிக்காத ஒன்று: துளசிமதி பாரிஸுக்குப் போனபோது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவி. செய்முறை வகுப்பும் பண்ணைப் பணியும் நிறைந்த படிப்பு அது. பாராட்டு விழாக்களில் பதக்கத்தைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் படிப்பையும் தொடர்ந்தபடி ஆடுவதற்கு எத்தனை பேர் எத்தனை கடிதங்களில் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பதை எந்த மேடையும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த ஆண்டு பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. படிவம் 3-ல் கையெழுத்திட வேண்டியவர் உங்கள் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் அல்ல; பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பை மொத்தமாக வகிக்கும் அலுவலர். எந்தப் போட்டி, எங்கே, எந்தத் தேதிகளில், எந்த இடம் பிடித்தீர்கள் என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். அணிப் பட்டியலும் முடிவு அறிக்கையும் கைக்கெட்டும்போதே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். மூன்றாம் ஆண்டு முடிந்து மாற்றுச் சான்றிதழோடு போய்க் கேட்டால் அலைச்சல்தான்.