பசையைத் தேடும் முன் பிளாஸ்டிக்கைப் பாருங்கள்

ஸ்கூட்டர் ஒருமுறை சாய்ந்து விழுந்தால் போதும், பக்கவாட்டுப் பேனலில் விரிசல் ஓடிவிடும். அதற்கு வழக்கமான வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: விரிசலில் இரண்டு சொட்டு இன்ஸ்டன்ட் பசை விட்டு, மேலே பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்துவிடுவது. சில வாரங்களில் அதே கோட்டில் பெயின்ட் பிளந்து விரிசல் மறுபடியும் தலைகாட்டும். பிளாஸ்டிக் உடைந்தால் உடைந்ததுதான், புதுசு வாங்கிப் போட வேண்டியதுதான் என்ற முடிவுக்கு மெக்கானிக்கும் வண்டிக்காரரும் சேர்ந்தே வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு அவசரமானது. பெரும்பாலும் அந்தப் பழுதுவேலை தோற்பதற்குக் காரணம், அது என்ன பிளாஸ்டிக் என்று யாரும் கேட்காததுதான். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் பேனல்கள் வேதியியலில் வெவ்வேறு பொருள்கள். ஒன்றைச் சேர்க்கும் முறை இன்னொன்றிடம் பலிக்காது.

இருசக்கர வாகனத்துக்குப் பிளாஸ்டிக் வந்து வெகுகாலம் ஆகிறது. 1958இல் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியின் கால்மறைப்பு பாலிஎத்திலீனால் ஆனது. இன்று ஸ்கூட்டர் பேனல்களும் பைக் ஃபேரிங்குகளும் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற வகை. கார் பம்பர்களோ பெரும்பாலும் ரப்பர் கலந்த பாலிபுரொப்பிலீன். இரண்டுமே சூட்டில் இளகி, ஆறினால் இறுகுபவை. இவற்றின் மூலக்கூறுகள் மிக நீளமான சங்கிலிகள். இடியாப்ப இழைகள்போல ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. பிளாஸ்டிக்கின் வலிமையில் பெரும்பங்கு இந்தப் பின்னலில்தான் இருக்கிறது. விரிசல் என்பது அந்தப் பின்னல் ஒரு கோட்டில் அறுந்தும் உருவியும் போன இடம். ஆகவே உண்மையான பழுதுபார்ப்பு என்றால் இரு விளிம்புகளின் சங்கிலிகளையும் மறுபடி ஒன்றுக்குள் ஒன்று புகவைத்துப் பின்னச் செய்வது. சங்கிலிகள் தம் நீளவாக்கிலேயே ஊர்ந்து இப்படிக் கலக்கின்றன என்று 1971இல் விளக்கியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் த ஜென். இவர் 1991இல் நோபல் பரிசு பெற்றார். சங்கிலிகள் ஊர வேண்டுமானால் அவற்றை ஒன்று சூட்டால் இளக்க வேண்டும், அல்லது கரைப்பானால் தளர்த்த வேண்டும்.

இன்ஸ்டன்ட் பசை இந்த இரண்டில் எதையும் செய்வதில்லை. அது விளிம்புகளுக்கு நடுவே இறுகிக் கண்ணாடித்தன்மையுள்ள மெல்லிய படலமாகிறது. நேராக இழுத்தால் நன்றாகவே தாங்கும். வளைத்தாலோ தட்டினாலோ விட்டுவிடும். வண்டிப் பேனலுக்கு நாள் முழுவதும் கிடைப்பது அதிர்வும் வளைவும்தான். பாலிபுரொப்பிலீனிடம் நிலைமை இன்னும் மோசம். அதன் மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவு என்பதால் பசை அதன்மேல் சரியாகப் பரவுவதே இல்லை. இறுகிய பிறகு படலமாக உரிந்து வந்துவிடும். பம்பருக்கு பெயின்ட் அடிக்கும் முன் ஒட்டுதலைக் கூட்டும் தனிப் பூச்சு தேவைப்படுவதும் இதனால்தான்.

வகையைக் கண்டுபிடிக்கப் பேனலைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். உட்புறத்தில் இரு அம்புக்குறிகளுக்கு நடுவே வகையின் பெயர் ஆங்கில எழுத்தில் வார்க்கப்பட்டிருக்கும். ஏபிஎஸ் என்று மட்டும் இருந்தால் விஷயம் எளிது. பிபி, கூட்டல் குறி, இபிடிஎம், டி20 என்று இருந்தால் அது ரப்பர் கலந்து, 20 சதவீதம் டால்க் தூளும் சேர்த்த பாலிபுரொப்பிலீன். குறி அழிந்திருந்தால் மறைவான ஓரத்தில் ஒரு துளி அசிட்டோன் வைத்துப் பார்க்கலாம்: ஏபிஎஸ் பிசுபிசுக்கும், பாலிபுரொப்பிலீன் அசையாது. ஒரு சில்லைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பாலிபுரொப்பிலீன் என்று முடிவுசெய்வதும் உண்டு. சுத்தமான பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி சுமார் 0.9 என்பதால் அது மிதக்கும். டால்க் கலந்த பம்பர் மூழ்கிவிடலாம். அந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது.

வகை தெரிந்த பிறகும் விரிசலின் நுனியைக் கவனிக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. கூர்மையான நுனியில் அழுத்தம் பல மடங்கு குவியும் என்று 1913இலேயே ஆங்கிலப் பொறியாளர் சார்லஸ் இங்லிஸ் கணக்கிட்டுக் காட்டினார். நுனியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் துளை போட்டால் கூர்மை வட்டமாகி, விரிசல் மேலே ஓடாது. நுனி எங்கே என்று தெரியாவிட்டால் பேனலை லேசாக வளைத்துப் பார்க்க வேண்டும். பிறகு விரிசலின் இருபுறமும் செதுக்கி ஆங்கில ‘வி’ வடிவப் பள்ளம் எடுக்க வேண்டும். ஏபிஎஸ்ஸாக இருந்தால் உடைந்த ஏபிஎஸ் சில்லுகளை மூடிய கண்ணாடிப் புட்டியில் அசிட்டோனில் ஊறவைத்துக் கெட்டியான கூழாக்கிப் பள்ளத்தை நிரப்பலாம். ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் உள்ளே அசிட்டோன் சிக்கிக் குமிழிகள் வரும். மெல்லிய அடுக்குகளாகப் பூசி, தேய்ப்பதற்கு முன் ஓரிரு நாள் காயவிட வேண்டும். உட்புறத்தில் மெல்லிய கம்பிவலையைப் பதித்தால் வளைவையும் தாங்கும்.

பாலிபுரொப்பிலீன் அசிட்டோனில் கரையாது என்பதால் அதற்கு வெப்பக் காற்றும் அதே வகைக் குச்சியும் வேண்டும். அதன் படிகங்கள் சுமார் 165 டிகிரி செல்சியஸில் உருகும். பட்டறையில் கைக்கு வரும் சாதாரண சால்டரிங் அயர்ன் நுனியோ 300 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் பழுப்பேறிப் புகைந்தால் சங்கிலிகளே அறுகின்றன என்று பொருள். பார்க்க ஒட்டியதுபோல இருந்தாலும் பலம் போய்விடும். குச்சியும் பள்ளமும் ஒரே நேரத்தில் பளபளத்து இளகுவதே சரியான பதம். சூடாக்கிப் பதிக்கும் நெளிகம்பிப் பின்கள் விளிம்புகளைப் பிடித்துவைக்கும், பின்னலை மீட்காது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அவற்றை மட்டும் நம்ப முடியாது.

இவ்வளவு மெனக்கெடுவதற்கு நல்ல பசை ஒன்றை வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். பாலியூரித்தேன், மெத்தாக்ரிலேட் போன்ற இரு கூறுப் பசைகள் நன்றாகவே பிடிக்கும். ஆனால் எந்தப் பசை, முன்பூச்சு வேண்டுமா என்பதையும் பிளாஸ்டிக்கின் வகைதானே தீர்மானிக்கிறது? புதிய பேனலே மலிவு என்பது இன்னொரு வாதம். கிடைக்கும் சிறிய பேனலுக்கு அது சரி. பழைய மாடலுக்கு உதிரிபாகமே கிடைக்காமல் போகலாம். பம்பரை மாற்றினால் பெயின்ட் செலவும் சேரும். நம் நாட்டு வழக்கமான வாகனக் காப்பீட்டில் வண்டியின் வயது எதுவானாலும் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். தேய்மானக் கழிவில்லாத கூடுதல் பாலிசி இல்லாதவருக்கு மாற்றும் செலவில் பாதி கையைக் கடிக்கும்.

பழுதுபார்த்த பம்பர் பாதுகாப்பானதா என்பது இவற்றைவிடக் கனமான கேள்வி. நமக்குத் தெரிவது உறை மட்டும்தான்; மோதலின் அடியைத் தாங்குவது முக்கியமாக அதற்குப் பின்னாலுள்ள குறுக்குச்சட்டம். அது வளைந்திருந்தால் உறையை எவ்வளவு நேர்த்தியாகச் சேர்த்தும் பயனில்லை. ரேடார் பொருத்திய கார்களில் அதற்கு நேர் முன்னாலுள்ள பகுதியைத் தொடாமல் மாற்றிவிடுவதே நல்லது. பட்டியின் தடிமன்கூட அலைகளைக் குழப்பும். வெயிலில் வெளுத்துத் தூள் உதிரும் பழைய ஏபிஎஸ்ஸில் அதன் ரப்பர் பகுதி கெட்டிருக்கும். சேர்த்த இடம் நின்றாலும் பக்கத்தில் உடையும். கண்ணாடி இழைப் பாகங்கள் உருகவே மாட்டா. அவற்றைச் சரிவாகத் தேய்த்து, புதிய இழையும் ரெசினும் அடுக்க வேண்டும். விரிசல் விட்ட ஹெல்மெட்டை மட்டும் எந்த முறையிலும் ஒட்டக் கூடாது. சூடான ஏபிஎஸ்ஸின் புகை நச்சு, அசிட்டோன் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமுள்ள இடமே வேலைக்கு ஏற்றது.

இந்த விலக்குகளும் முதலில் சொன்னதைத்தான் உறுதிசெய்கின்றன: எதை மீட்கலாம், எதை மாற்ற வேண்டும் என்பதைச் சொல்வது பொருள்தான். பட்டறையில் பேனலைக் கொடுக்கும்போது என்ன பசை போடுவீர்கள் என்று கேட்பதைவிட, இது என்ன பிளாஸ்டிக் என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் பெயின்டின் பளபளப்பைப் பார்க்கும் முன் பேனலின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே விரிசல் கோடு அப்படியே திறந்து கிடந்தால், மேலே உள்ள பட்டியைத்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்.